ஒண்ணரை மணி நேரத் தூரம்

தமிழுங்களா? இந்த ஐதராபாத்து ஏர்போர்ட்டுல நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு, அதான் எந்திரிச்சு வந்தேனுங்க. இங்க உக்காரலாங்களா? புவனேஸ்வரம் போற விமானத்துக்குத்தான நீங்களும்? அந்தப் பலகையில இன்னும் தாமதம்னுதான் போட்டிருக்குது. இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். அதுக்கு முன்னாலயும் பாத்தேன். நம்ம பாக்கறதனால அது மாறப் போறதில்லைன்னு தெரியுதுங்க, ஆனா காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது.

என்ற பேரு சென்னியப்பன். சூலூருப் பக்கம். சிங்காநல்லூர்ல பம்பு செட்டுக் கடை வெச்சிருந்தேன், இப்ப விட்டுட்டேன். என்ற வூட்டு மொட்டை மாடியில நின்னா கோயமுத்தூர்ல எறங்குற விமானம் அத்தனையும் தெரியும். சக்கரத்தை நீட்டறதுகூடத் தெரியும். இருந்தும் பாருங்க, பொண்ணைக் கட்டிக் குடுக்கற வயசு வரைக்கும் நான் அதுல ஏறுனதே இல்லை. இந்துமதிக்கு மாப்பிள்ளை பாக்கறப்பத்தான் விமானத்தைப் பத்தி யோசிச்சேன்.

அவிநாசிக்காரரு ஒருத்தரு, தரகரு. ஜாதகம் கொண்டாருவாப்ல. நான் ஜாதகத்தைத் தொடவே மாட்டேன். "மொதல்ல மாப்பிள்ளை எந்த ஊர்ல இருக்காப்ல, அதைச் சொல்லுங்க. கோயமுத்தூர்ல இருந்து அங்க நேரா விமானம் இருக்குதா?" அப்படீன்னு கேப்பேன். நாக்பூர்ல ஒரு பையன், அருமையான குடும்பம். நேர் விமானம் இல்லை, வேண்டாம்னு சொல்லீட்டேன். தரகரு கடுப்பாயிட்டாரு. "ஏனுங்க, நான் பொருத்தம் பாக்கறதா, டைம்டேபிள் பாக்கறதா?" அப்படீன்னாரு. ரெண்டையும்தான் பாக்கோணும்னேன்.

சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா எனக்குக் காரணம் இருக்குதுங்க.

என்ற தங்கச்சி ஒருத்தி, மயிலாத்தா. திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக் குடுத்தோம். போர் போடற ரிக் வண்டி வெச்சிருந்தாப்ல மச்சான். தொழில் பூராவும் வடக்க. ராய்ப்பூர்ல குடி வெச்சுட்டாப்ல. மயிலாத்தாளுக்கு வயித்துல அஞ்சு மாசம், மஞ்சக்காமாலை கண்டிருச்சு. அப்ப ஏதுங்க செல்போன். எங்க ஊர்ல ரைஸ் மில்லுக்குத்தான் போன் வரும். மில்லுக்காரரு சைக்கிள்ல வந்து சொன்னாரு, ஒடம்பு சரியில்லையாம், ஒடனே வரச் சொல்றாங்கன்னு. நானும் எங்கப்பாவும் ஈரோட்டுல ரயிலேறுனோம். ரிசர்வேசன் இல்லை, கக்கூஸ் பக்கத்துல துண்டு விரிச்சு உக்காந்தோம். மாறி மாறி ஏறி, அங்க போய் நின்னா, வாசல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டிருக்காங்க. முடிஞ்சுபோச்சு. "வெயிலு மச்சான், வெச்சிருக்க முடியலை"ன்னு சொல்றாப்ல அவரு. எங்கப்பா அந்த ஈரத்துலயே உக்காந்துட்டாரு. மொகத்தைப் பாக்கலைங்க நாங்க. கடைசியா அவளை எப்பப் பாத்தோம்னு யோசிச்சா, ரயில் ஜன்னல்ல கைதான் ஞாபகம் வருது, மொகம் வரலை.

அன்னிக்கே முடிவு பண்ணீட்டேன். எனக்குன்னு ஒரு புள்ளை பொறந்தா, கூப்பிட்ட கையோட போய் நிக்கற தூரத்துலதான் குடுக்கறதுன்னு.

ஜெகதீசன்னு மாப்பிள்ளை. பூர்வீகம் கோபி, வேலை ஐதராபாத்துல. ரோட்டுல போனா தொள்ளாயிரம் கிலோமீட்டருங்க. வானத்துல அது எழுநூறாச் சுருங்கிருது. ஒண்ணரை மணி நேரம். மேல போயி, அந்தப் புள்ளைக தண்ணி குடுத்து, குடிச்சு முடிச்சா எறங்கறான். பக்கத்து ஊருக்குப் போறதுதான். என்ன ஒண்ணு, இந்த ஷம்ஷாபாத் ஏர்போர்ட்டுல எறங்கி, அவ இருந்த மியாப்பூருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஆயிரும். வானத்துல எழுநூறு கிலோமீட்டரைத் தாண்டிருவான், டவுனுக்குள்ள டிராபிக்ல கழுத்தை அறுப்பான். ஆனாலும் சூலூர்ல டிபன் சாப்பிட்டா மியாப்பூர்ல மத்தியானச் சோறு. பொண்ணைக் கேட்டீங்களான்னு கேக்கறீங்களா? கேட்டனே. "உங்க இஷ்டம்ப்பா"ன்னா. தங்கமான புள்ளை.

இருங்க, பலகையில ஏதோ மாறுன மாதிரி இருக்குது. இல்லை, அது வேற ஊரு.

மொத வருசம் நெறையப் போனேனுங்க. போன்ல தும்முனாள்னு வெய்யுங்க, என்ன அம்மிணி சளியான்னு கேப்பேன். லேசாப்பான்னுவா. அடுத்த நாள் போய் நிப்பேன். மாப்பிள்ளை டூர் போறாப்ல, புள்ளை தனியா இருக்குமேன்னு போவேன். டூர் போகலைன்னாலும் போவேன். அந்த அடுக்குமாடியில தண்ணித் தொட்டி மோட்டாரு எந்நேரமும் அலறிட்டே கெடந்துச்சு. நமக்குத்தான் தொழில் தெரியுமே. கழட்டி, பேரிங் மாத்தி, சரி பண்ணிக் குடுத்தேன். சங்கத்துத் தலைவர்கூட ஒரு வாக்குவாதம் ஆச்சு. யாரைக் கேட்டுக் கழட்டுனீங்கன்னான். ஓடலைன்னா கேளுடான்னேன். இந்து என்னை உள்ள கூட்டிட்டுப் போயிட்டா.

மாப்பிள்ளை நல்ல பையனுங்க, கொறை சொல்லக் கூடாது. "வாங்க மாமா"ன்னு வாய் நெறையக் கூப்பிடுவாப்ல. ஆனா பாருங்க, நான் போற நாளாப் பாத்து ஆபீஸ்ல வேலை கூடிப் போயிரும். சாப்பாட்டுக்கு மேலதான் வருவாப்ல. வந்தும் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன் மாமான்னு கெளம்பிருவாப்ல. நானும் வர்றேன் மாப்பிள்ளைன்னு செருப்பை மாட்டுவேன்.

ஒரு வாட்டி சொல்லாமப் போனேன். திடீர்னு போய் நின்னா சந்தோசப்படுவாளேன்னு. வூடு பூட்டிக் கெடக்குது. வாட்ச்மேன் நாற்காலி போட்டுக் குடுத்தான். பொழுது சாயறப்ப ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல வந்தாங்க, தலையெல்லாம் காத்துல கலைஞ்சு, ஏதோ பேசிச் சிரிச்சுட்டே. கேட்டுக்குப் பக்கத்துல என்னைப் பாத்ததும் இந்து அப்படியே நின்னுட்டா. கேட்டுல வெச்ச கையை எடுக்கலை. புள்ளைக்குச் சந்தோசத்துல வாய் வரலைங்க.

என்ற வூட்டுக்காரி துளசிமணி. அவ விமானம் ஏற மாட்டா. காது அடைக்கும்னுவா, பயம்தான். எங்க போனாலும் ரயிலுதான். புளிச்சாதம் கட்டிக்கிட்டு, ஜன்னலோரம் உக்காந்து, ஆடி அசைஞ்சு போவா. "நீங்க போயிட்டு வந்து தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள நான் பாதி வழிதான் போயிருப்பேன்"னு அவளே சொல்லுவா. அவளைக் கேலி பண்ணாத நாளில்லை.

அப்பறம் ஒரு சமயம், மழைக்காலம், இந்து போன்ல பேசறது கொறைஞ்சு போச்சு. நல்லா இருக்கேன்ப்பா, வெச்சர்றேன்ப்பா, அவ்வளவுதான். துளசிமணி அந்நேரம் பாத்து அவ அக்காகூட ராமேஸ்வரம் போறேன்னா. போயிட்டு வான்னேன். ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. திரும்பி வந்தா ஆளு பாதியா எளைச்சிருந்தா. ராமேஸ்வரம் போனவ ஒரு சொம்பு தீர்த்தம்கூடக் கொண்டாரலை. கோயில்ல கூட்டம்னா. சரின்னு விட்டுட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு நான் மியாப்பூர் போனேன். லிஃப்ட்ல எதுத்த வூட்டுத் தெலுங்கம்மா. மெட்ராஸ்ல படிச்சவங்க, தமிழ் நல்லாப் பேசுவாங்க. "இப்ப இந்து தேவலையா அங்கிள்?"னாங்க. அவளுக்கென்னம்மான்னேன். "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். மூணு மாசக் கரு, தங்கலைன்னதும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலை. ஆன்ட்டி ரயில்ல வந்து எறங்குனப்புறம்தான் ஒரு வாய் சாப்பிட்டா"ன்னாங்க. அவங்களுக்கு எனக்குத் தெரியாதுன்னு தெரியாதுங்க. லிஃப்ட் மேல போயி நின்னு, கதவு தொறந்து, மறுபடி மூடிக்கிச்சு. நான் எறங்கலை. கீழ வந்து, மறுபடி மேல போனேன்.

இந்து அடுப்படியில பீன்ஸ் அரிஞ்சுட்டிருந்தா. நின்ன வாக்குல கேட்டேன். "எனக்கு ஏன் அம்மிணி சொல்லலை?"

கத்தியைக் கீழ வெச்சா. கையைத் துடைச்சா. அப்பறம் சொன்னா, "சொன்னா நீங்க வந்திருப்பீங்கப்பா."

நானும் அதைத்தானுங்க சொல்றேன்! வந்திருப்பேன். ஒண்ணரை மணி நேரத்துல வந்திருப்பேன். அதுக்குத்தான இந்த ஊர்லயே குடுத்தது? அப்பறம் என்னன்னு கேட்டேன்.

"வந்து அழுதிருப்பீங்கப்பா. மயிலாத்தா அத்தை கதையைச் சொல்லி, தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருப்பீங்க. நான் எந்திரிச்சு வந்து உங்களைத் தேத்தோணும். எனக்கு அன்னிக்குத் தெம்பில்லை." சொல்லீட்டு பீன்ஸை எடுத்து அரிய ஆரம்பிச்சுட்டா.

ஏனுங்க, அப்பன்னா அழுகமாட்டானா? கல்லா? அடுத்த விமானத்துலயே ஊருக்கு வந்துட்டேன். துளசிமணிகூடப் பேசலை. ராமேஸ்வரம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேட்டேன். அவ அசரலை. "சொன்னா கேட்டுட்டு உக்கார்ற ஆளா நீங்க? செருப்பை மாட்டிருவீங்க. புள்ளை, அம்மா மட்டும் வரட்டும்னா. போனேன்"னா. நான் பறந்து போனா வேண்டாமாம், அவ ரயில்ல ஆடி அசைஞ்சு போனா வேணுமாம். நியாயமா சொல்லுங்க.

நீங்க பலகையைப் பாக்கறீங்க. பரவால்லைங்க.

அதுக்கப்பறந்தான் மாப்பிள்ளைக்கு இந்த மாத்தல் வந்துச்சு. புவனேஸ்வரம். கோயமுத்தூர்ல இருந்து ரோட்டுல ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. நான் பாத்தவரைக்கும் நேர் விமானம் இல்லை. இங்கயோ மெட்ராஸ்லயோ எறங்கி மாறோணும். எறங்கி, உக்காந்து, மறுபடி ஏறி, ஒரு நாள் அதுலயே போயிரும். யாரு கண் வெச்சாங்களோன்னு இருந்துச்சு. திருப்பூர்ல ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையோட ஆபீஸ்காரர் ஒருத்தரைப் பாத்தேன். சண்டைக்கே போயிட்டேன். புதுசாக் கல்யாணம் ஆன புள்ளைகளை இப்படித் தூக்கியடிக்கலாமான்னு. அவரு முழிக்கறாரு. "யாருங்க தூக்கியடிச்சது? ஜெகதீசன்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாப்ல. பெங்களூரும் தர்றோம்னோம், அது வேண்டாம்னுட்டாப்ல"ன்னாரு.

பெங்களூரை எதுக்குங்க வேண்டாம்னான்? சூலூர்ல இருந்து கார்லயே போயிரலாமே. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். புவனேஸ்வரத்துப் பக்கம் கடலு இருக்குது. கடக்காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு போயிருப்பாப்ல. இந்துவுக்கும் ஒடம்பு தேறோணுமில்ல. துளசிமணிகிட்ட அப்படித்தான் சொன்னேன். அவ என்னைப் பாத்துட்டே இருந்தா. அப்பறம், ஆமாங்க, காத்துக்குத்தான் போயிருப்பாங்கன்னா.

இப்ப இந்து மறுபடி உண்டாயிருக்காளுங்க. இந்த வாட்டி எனக்குச் சொன்னா. அவளே சொன்னா, போன்ல. ஆனா அதோடயே ஒண்ணு சொன்னா. "நான் சொல்றப்ப வாங்கப்பா. அதுவரைக்கும் வரக் கூடாது." சரின்னுட்டேன். கட்டுச்சோத்து விருந்து வெச்சு பிரசவத்துக்கு நம்ம வூட்டுக்குக் கூட்டியாரலாம்னு பாத்தோம். அவ்வளவு தூரம் ஒடம்பை அலட்ட வேண்டாம்னு டாக்டர் சொல்லீட்டாங்களாம். துளசிமணிதான் போயிருக்கறா. ரயில்லதான். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி பகல். நான் ஸ்டேசன்ல ஏத்திவிட்டேன். ஏறுறப்ப, "நீங்க பேசாம வூட்ல இருங்க, பொறந்ததும் கூப்பிடறோம்"னா.

இருந்தேனுங்க. நெசமா இருந்தேன். ஆனா அந்த மொட்டை மாடி இருக்குதில்லைங்க. துணி காயப் போடப் போனாலும் ஒரு விமானம் எறங்குது. செடிக்குத் தண்ணி ஊத்தப் போனாலும் ஒண்ணு ஏறுது. அந்தச் சத்தம் போன அப்பறமும் காதுக்குள்ள கெடக்குது. மயிலாத்தாளுக்கு அஞ்சு மாசத்துல ஆச்சு. இவளுக்கு இது ஒன்பதாவது. மாசம் ஏற ஏறத் தைரியம் வரோணும். எனக்கு ஏற ஏறப் பயமா வருது. இன்னிக்கு விடியறப்ப கைப்பையை எடுத்தேன், கெளம்பி வந்துட்டேன். யாருக்கும் தெரியாது. நான் அவ வூட்டுக்குப் போகக்கூட வேண்டியதில்லைங்க. அந்த ஊர்ல ஒரு லாட்ஜ்ல கெடந்துக்குவேன். பக்கத்துல இருக்கோணும், அவ்வளவுதான்.

அப்பாடா, பலகையில மாத்திட்டான். ஏறலாம்னு போட்டுட்டான். வரிசை நிக்குது பாருங்க. வாங்க போலாம்.

இருங்க, போனு. வூட்டுக்காரி.

"சொல்லு துளசி... வூட்லதான் இருக்கேன், எங்க போவேன்... செடிக்குத் தண்ணி ஊத்திட்டு..."

சனியன், இப்பத்தான் மைக்குல கத்தோணுமா அவன்.

"...டிவி, துளசி. டிவிச் சத்தம்... சரி. ஆமாம். ஏர்போர்ட்டுதான்... ஐதராபாத்து... வைய்யாத. மொதல்ல புள்ளை எப்படி இருக்கா, அதைச் சொல்லு... எப்ப?... எப்ப சேத்தீங்க?... குடு. அவகிட்டக் குடு...

"அம்மிணி. அப்பா பேசறேன் கண்ணு. வலி பொறுக்க முடியுதா?... பேசாத, மூச்சு விட்டுக்க... ம்... ம்... இல்லை, அழுகலை. சளி... ம்... சரி. சரி அம்மிணி. இங்கயே. ஆமாம், நகர மாட்டேன். நீ வெய்யி. வெச்சுட்டுப் படு."

வலி வந்திருச்சாமுங்க. விடியறப்பவே ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம். நான் கைப்பையை எடுத்த நேரம்தான்னு நெனைக்கறேன். டாக்டரு எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லீட்டாங்களாம். அவளே பேசுனா. பேசறா, நடுவுல வலி வந்து நிறுத்தறா, மறுபடி பேசறா. என்ன சொன்னா தெரியுங்களா? "வந்தவரைக்கும் போதும்ப்பா. அங்கயே இருங்க. எனக்கு இப்ப அம்மா போதும். கொழந்தையைக் கையில வாங்குனதும் மொத போன் உங்களுக்குத்தான். நானே பண்றேன். அப்ப ஏறி வாங்க." நானே பண்றேன்னாளுங்க. ரெண்டு வாட்டி சொன்னா.

கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவளா என்னை வான்னு கூப்பிட்டதில்லைங்க. நான்தான் போயிட்டே இருந்தனே, அவ எங்க கூப்பிட.

நீங்க போங்க. வரிசை கொறைஞ்சுபோச்சு. நான் உக்காந்துக்கறேன். இந்தக் கால் ஆடறதைப் பாத்து நீங்க பயப்படாதீங்க, அது அப்படித்தான் ஆடும். கையில புடிச்சுக்கறேன். டிக்கெட் போனாப் போகுது. மயிலாத்தாளுக்கு நாங்க போய்ச் சேர முடியலை. இங்க போய்ச் சேர முடியும், கண்ணு முன்னால கதவு தொறந்து கெடக்குது, உக்காந்திருக்கோணுமாம். இது அதைவிடப் பெரிய கஷ்டமா இருக்குதுங்களே.

கூப்பிடறான் பாருங்க. 'சென்னாப்பன்'கறான். நான்தான் அது. மறுபடி கூப்பிடறான். கத்தட்டும். போன் சத்தத்தை மட்டும் இதுல எங்க கூட்டறதுன்னு காட்டிட்டுப் போங்க. இதானுங்களா? இதுக்கு மேல ஏறாதா? சரி, போதும்.

போங்க, போங்க, கதவைச் சாத்திருவான். போறப்ப அந்தக் கவுன்ட்டர்ல நிக்கற புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க. இந்தப் பேரை இனிமேலும் கூப்பிட வேண்டாம்னு. வரலைன்னு சொல்லாதீங்க. அவரு பொண்ணு கூப்பிட்டதும் வருவாருன்னு சொல்லுங்க.